கருவூலம் ஏற்கும் குற்றம்

1947 செப்டம்பர் 20. அமிர்தசரஸ் நகை வணிக நிறுவனம் ஒன்றின் பங்குதாரர், தங்கமும் வெள்ளியும் விற்பதற்காக மீரட் நகரத்துக்கு வந்தார். கடைத்தெருவில் போலீஸார் அவரை மறித்தார்கள். திருட்டுச் சரக்காக இருக்கலாம் என்று சந்தேகம். ஆளை லாக்-அப்பில் அடைத்துவிட்டுக் கையிலிருந்ததைப் பறிமுதல் செய்தார்கள். தங்கம் மட்டும் 103 தோலாவுக்குச் சற்றுக் கூடுதல். மறுநாள் ஜாமீனில் விட்டார்கள். வெள்ளி திரும்பி வந்தது, தங்கம் வரவில்லை. பறிமுதல் பொருள்கள் வைக்கும் அறைக்குப் பொறுப்பாக இருந்த ஏட்டு, அதை எடுத்துக்கொண்டு அக்டோபர் மாதம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்.

நிறுவனம் உத்தரப் பிரதேச அரசின் மீது வழக்குப் போட்டது. கேட்டது தங்கத்தை, இல்லையென்றால் அதன் விலையான 11,000 ரூபாய்ச் சொச்சத்தை. வழக்கு உச்ச நீதிமன்றம் வந்து முடிய 1964 ஆனது. தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையிலான அமர்வு, போலீஸாரின் அலட்சியத்தை மறைக்கவில்லை. அவ்வளவு விலையுயர்ந்த பொருளை விதிப்படி அரசுக் கருவூலத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும், ஸ்டேஷன் அறையில் போட்டு வைத்திருக்கக் கூடாது என்பதை ஏற்றது. ஆனாலும் வணிகருக்குச் சல்லிக்காசு கிடைக்கவில்லை. கைது செய்வதும் பறிமுதல் செய்வதும் இறையாண்மை அதிகாரத்தைச் சேர்ந்தவை, அந்த அதிகாரத்தைச் செலுத்தும்போது ஊழியர் செய்த தவறுக்கு அரசு நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்பது தீர்ப்பு. இது சரியான நிலையல்ல, சட்டமன்றங்கள்தான் மாற்ற வேண்டும் என்ற சங்கடமும் அதே தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. சட்ட மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்யும் கஸ்தூரிலால் வழக்கு இதுதான்.

குடிமக்களின் மனித உரிமையைக் காப்பது அரசின் பொறுப்பு என்று பாடநூலில் படிக்கிறோம். அந்த வாக்கியத்துக்கு இந்தியச் சட்டத்தில் என்ன பொருள் என்று தேடிப் போகிறவர், சுதந்திர நாட்டில் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் காணாமல் போன தங்கத்தின் மீதுதான். அரசு தானே கைப்பற்றிய பொருளுக்கே பொறுப்பில்லை என்றால், கைப்பற்றிய மனிதனுக்கு?

இந்த விலக்கு எங்கிருந்து வந்தது என்பது விநோதமான கதை. 1861இல் கல்கத்தாவின் கிதிர்ப்பூர் கப்பல் கட்டும் தளத்தில், அரசின் கூலியாட்கள் கனமான இரும்பு ஒன்றைச் சுமந்து சாலையைக் கடந்தார்கள். வண்டி வரும் சத்தம் கேட்டுப் பதறி இரும்பைக் கீழே போட்டார்கள். ஓசையில் மிரண்ட குதிரை காயப்பட்டது. வண்டி பி அண்ட் ஓ கப்பல் கம்பெனிக்குச் சொந்தமானது. கம்பெனி 350 ரூபாய் கேட்டது, கிடைத்தது. கப்பல் பழுதுபார்ப்பது யாரும் செய்யக்கூடிய தொழில், அதில் அரசும் மற்ற முதலாளிகளைப் போலத்தான் என்றார் தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக். கூடவே, அரசர் மட்டுமே செலுத்தக்கூடிய அதிகாரங்களில் இந்தப் பொறுப்பு வராது என்றும் சொல்லிவைத்தார். குதிரைக்குப் பணம் வாங்கித் தந்த தீர்ப்பின் அந்த ஓரத்து வரிதான் நூறு ஆண்டு கழித்து அமிர்தசரஸ் வணிகரின் வழியை அடைத்தது.

அடைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1882இலேயே சென்னை உயர் நீதிமன்றம் வேறு பாதை காட்டியிருந்தது. பம்பாயிலிருந்து மலபார்க் கரைக்கு உப்பு ஏற்றிவந்த ஒருவர், கப்பல் கடலில் இருக்கும்போதே வரி உயர்ந்துவிட்டதால் கூடுதலாகக் கட்ட நேர்ந்த பணத்தைத் திருப்பிக் கேட்ட வழக்கு அது. ஹரி பான்ஜி வழக்கு என்பார்கள். உள்நாட்டுச் சட்டத்தின் பெயரைச் சொல்லி அரசு ஒன்றைச் செய்தால் அதே சட்டத்தின் முன் பதில் சொல்லியாக வேண்டும், இறையாண்மை என்று சொல்லி ஒதுங்க முடியாது என்பது அதன் சாரம். 1956இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் முதல் அறிக்கைக்கே இந்தப் பொருளைத்தான் எடுத்துக்கொண்டது. அரசின் பொறுப்பை வரையறுத்துச் சட்டம் இயற்றச் சொன்னது. 1965இலும் 1967இலும் மசோதாக்கள் வந்தன, இரண்டும் காலாவதியாயின. 'அரசர் தவறிழைக்க மாட்டார்' என்ற கொள்கை பிறந்த இங்கிலாந்து, 1947இலேயே தனிச் சட்டம் கொண்டுவந்து அதிலிருந்து பெருமளவு விலகிவிட்டது. முடியாட்சியிடம் வாங்கிய சட்டையை முடியாட்சி கழற்றிப் போட்ட பிறகும் குடியரசு விடாமல் போட்டுக்கொண்டிருந்தது.

பூட்டு திறந்தது பீகாரில். முசாபர்பூர் சிறையில் இருந்த ருதுல் சா 1968 ஜூன் 3 அன்று நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார். சிறைக்கதவு திறந்தது 1982 அக்டோபர் 16இல். இடையில் பதினான்கு ஆண்டுகள். ஏன் என்று உச்ச நீதிமன்றம் கேட்டபோது, விடுதலையான சமயத்தில் அவருக்கு மனநிலை சரியில்லை என்றது மாநில அரசு. 1977 பிப்ரவரியிலேயே அவர் நலமாக இருப்பதாக மருத்துவ அதிகாரி எழுதியிருந்தார் என்பதையும் அரசே சொன்னது. எழுதியது சட்டத்துறைக்குப் போனது. அதற்குப் பின்னும் ஐந்தரை ஆண்டுகள் போயின. இதில் வில்லன் என்று சுட்ட ஒருவரும் இல்லை என்பதுதான் நடுங்க வைக்கிறது. அடிக்கவில்லை, பழிவாங்கவில்லை. ஒரு கோப்பு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகரவில்லை, அவ்வளவே.

தலைமை நீதிபதி சந்திரசூட் 1983இல் எழுதிய தீர்ப்பில், ஏற்கெனவே கொடுத்த 5,000 ரூபாய் போக மேலும் 30,000 ரூபாய் இடைக்கால நிவாரணமாகத் தரச் சொன்னார். ஆண்டுக்கு 2,500 ரூபாய் வீதம் ஆகிறது. தொகை அற்பம்தான். ஆனால் அடிப்படை உரிமையை மீறிய அரசைப் பணம் கட்டச் சொல்லி அரசமைப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவின் கீழ் நேரடியாக உத்தரவிட முடியும் என்பது அந்த வழக்கில்தான் நிலைபெற்றது. இது எவ்வளவு பெரிய தாவல் என்பதற்கு ஒரு சான்று உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1979இல், குடிமை அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்தபோது, சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை எங்கள் சட்டத்தில் கிடையாது என்று இந்தியா எழுத்தில் விலக்குக் கேட்டிருந்தது.

அடுத்த வழக்கு ஒரு கடிதம். ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்தில், 1987 டிசம்பர் 1 அன்று ஜெராய்கேலா புறக்காவல் நிலையத்துக்கு 22 வயது இளைஞர் ஒருவரைத் திருட்டு வழக்கு விசாரணைக்கென்று கொண்டுபோனார்கள். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தாய் நீலாவதி பெஹ்ரா 1988 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் அதையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டது. போலீஸ் தரப்பின் கதை இது: கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு அதிகாலை மூன்று மணிக்குத் தப்பி ஓடினான், ரயிலில் அடிபட்டான்.

காவல் நிலையக் கழிப்பறையில் 'வழுக்கி விழுந்து' ஒரே மாதிரி மாவுக்கட்டுடன் நிற்பவர்களின் படங்களைச் செய்தித்தாளில் பார்த்துப் பழகிய நமக்கு, இந்தக் கதை சொல்லும் கலை புதிதல்ல. நீலாவதி வழக்கில் அதை உடைத்தது உள்ளூரில் நடந்த விசாரணை. உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி மாவட்ட நீதிபதி சாட்சிகளை விசாரித்தார். காயங்கள் ரயில் மோதியதால் வந்தவையல்ல என்று மருத்துவச் சாட்சியம் சொன்னது. 1993 மார்ச்சில் நீதிபதி ஜே.எஸ். வர்மா தீர்ப்பெழுதினார். கஸ்தூரிலால் வழக்கைத் தூக்கியெறியவில்லை. அது தனியார் நஷ்டஈட்டு வழக்குகளுக்கானது, அடிப்படை உரிமை மீறலில் இறையாண்மை விலக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சுற்றிக்கொண்டு போனார். இறந்தவரின் மாத வருமானம் 1,200 முதல் 1,500 ரூபாய் என்று கணக்கிட்டு, தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய்.

மூன்று ஆண்டு கழித்து, 1996 டிசம்பரில், டி.கே. பாசு வழக்கில் கைதுக்கான பதினொரு விதிகள் வந்தன. கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும்; கைதுக் குறிப்பில் குடும்பத்தார் ஒருவரோ உள்ளூர்ப் பிரமுகரோ சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும்; உறவினருக்குத் தகவல் போக வேண்டும்; 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. ஐ.நா.விடம் 1979இல் கேட்ட விலக்கு இனிப் பொருளற்றது என்பதையும் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பிலேயே சொல்லிவிட்டது.

இதுவரை வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தால் நிமிர்ந்து நடக்கத் தோன்றும். நீதிமன்றங்கள் அரசுக்குப் பணம் கட்டக் கற்றுக்கொடுத்துவிட்டன. என் சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது. அந்த ஒன்றரை லட்சம் எங்கிருந்து வந்தது? கருவூலத்திலிருந்து. கருவூலத்தில் இருப்பது நீலாவதியின் வீட்டார் தீப்பெட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கட்டிய வரியும் சேர்ந்த பணம். அடித்தவர் கையிலிருந்து ஒரு ரூபாய் போனால்தான் அடுத்த முறை கை ஓங்கும்போது அந்த ரூபாய் நினைவுக்கு வரும். பொதுப் பணத்திலிருந்து போகும் தொகை, தணிக்கையில் இன்னொரு செலவினம்.

வாச்சாத்தியை இந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்துப் பழங்குடிக் கிராமம். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து, கடத்திய சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி ஊருக்குள் நுழைந்தன. ஆட்களை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். பதினெட்டுப் பெண்கள் ஏரிப் பக்கம் கொண்டுபோகப்பட்டு வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, ஆடு கோழி அடித்துத் தின்னப்பட்டன, கிணறு பாழாக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், குழந்தைகளோடு, சேலம் சிறைக்குப் போனார்கள்.

இதில் கும்பல் கிடையாது, கலவரம் கிடையாது. சம்பளப் பட்டியலில் பெயருள்ள, சீருடை அணிந்த, ஜீப்பில் வந்த அரசாங்கம்தான் வந்தது. அன்றைய அரசு நடந்ததை மறுத்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் நீதிமன்றப் படியேறினார்கள். 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. இந்திய வனப்பணி அதிகாரிகள் நால்வரும் அதில் அடக்கம்.

மேல்முறையீட்டுக்கு இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள். உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023இல் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதி செய்தார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்ற அதிகாரிகளும் அன்றைய அரசும் சேர்ந்து ஆடிய நாடகத்தில் அப்பாவிப் பெண்கள் பலியானார்கள் என்பது அவர் கண்ட முடிவு. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

பொதுவாகச் செய்திகளில் கடைசிப் பத்திக்குப் போன ஒரு வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாதிக்கப்பட்ட பதினெட்டுப் பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் அரசு தர வேண்டும். அதில் 50 சதவீதத்தை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும். பாதிப் பணம் ஆளின் கணக்கில், பாதி அரசின் கணக்கில். தனிமனிதர்களின் வெறி என்று அரசு கைகழுவவும் முடியாது, மேலிடத்து உத்தரவு என்று ஆள் ஒளிந்துகொள்ளவும் முடியாது. 'பொறுப்பு' என்ற சொல்லுக்குள் 'பொறு' இருக்கிறது, சுமப்பது என்ற பொருளில். வாச்சாத்தியில் அதைச் சுமந்தவர்கள் முப்பத்தொரு ஆண்டுகள் ஊர்மக்கள்தான். சுமையைப் பங்கிட்டுத் தூக்க வைத்த கணக்கு இந்த ஐம்பது சதவீதம்.

அதற்கு முன்பே வேறு வழியில் இதே கருத்து உருவாகி வந்தது. 1993ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த ஆணையங்கள் 'பரிந்துரை' மட்டுமே செய்யலாம் என்பதால், அவற்றின் உத்தரவை அரசு எடுத்துக்கொண்டால் உண்டு, இல்லையேல் இல்லை என்றே பலகாலம் ஓடியது. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்றது. கொடுத்த இழப்பீட்டைத் தவறிழைத்த ஊழியரிடமிருந்து பிடித்துக்கொள்ளச் சொல்லவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. ஆனால் அந்தச் சட்டத்திலேயே இன்னொரு முள் இருக்கிறது. மீறல் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது. வாச்சாத்திப் பெண்கள் வாய் திறக்க எடுத்துக்கொண்ட காலத்தையும், திறந்த வாயை மூட அதிகாரம் செய்த வேலைகளையும் எண்ணிப் பார்த்தால், ஓராண்டு என்பது யாருக்கு வசதியான கெடு என்று கேட்கத் தோன்றுகிறது.

அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற பழைய விதி அடுத்த சுவர். அனுமதிக் கோப்பு ஆண்டுக்கணக்கில் தூங்குவது வழக்கம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 120 நாளில் முடிவெடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பல கேள்விகள் உண்டு, என்றாலும் இந்த ஒரு திருத்தம் நல்லது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் அதை உறுதி செய்யவில்லை. அதற்காக வந்த சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010இல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவைத் தேர்வுக் குழுவுக்குப் போய்ப் பிறகு காலாவதியானது.

இவற்றையெல்லாம்விட அடிப்படையான சிக்கல் ஒன்று இருக்கிறது. லாக்-அப்பில் நடந்ததற்குச் சாட்சி யார்? அடித்தவர்கள், அவர்களோடு பணிபுரிகிறவர்கள், அடிபட்டவர். மூன்றாமவர் இறந்துவிட்டால் மீதி இரண்டு தரப்பும் ஒரே தரப்பு. பொது நாட்குறிப்பு அவர்களிடம், கைதுக் குறிப்பு அவர்களிடம், உடலை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வண்டியும் அவர்களுடையது. இதைப் புரிந்துகொண்ட சட்ட ஆணையம் 1985இல், தன் 113ஆவது அறிக்கையில், சாட்சியச் சட்டத்தில் ஒரு புதிய பிரிவைச் சேர்க்கச் சொன்னது. காவலில் இருக்கும்போது ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அதைக் காவலில் வைத்திருந்த அதிகாரியே ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். இல்லையென்று காட்டுவது அவர் பாடு. ஒரு சிறு பிரிவுதான். நாற்பது ஆண்டுகளாகச் சட்டமாகவில்லை. பழைய சாட்சியச் சட்டம் போய் 2024இல் புதியது வந்தபோதும் அதற்கு இடமில்லாமல் போயிற்று.

அதைச் சட்டமாக்கியிருந்தால், எத்தனையோ தாய்மார் கடிதம் எழுத வேண்டியிருந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கயிற்றைக் கடித்த கதையை நிரூபிக்கும் வேலை, அதைச் சொன்னவர்களுடையதாக ஆகியிருக்கும். இழப்பீட்டுத் தொகையை 5,000 ரூபாயிலிருந்து லட்சங்களுக்கு உயர்த்திய அரசுகள், சாட்சியத்தின் பிடியை மட்டும் விடாமலிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் இறந்தபோது, குடும்பத்துக்கு வேலையும் வீட்டுமனைப் பட்டாவும் சில நாட்களுக்குள் கிடைத்தன. அந்த வேகம் வேண்டியதுதான். கொடுப்பதில் நாம் கைதேர்ந்துவிட்டோம்.

சாட்சியத்தின் பிடி எப்படிப்பட்டது என்பதற்குச் சாத்தான்குளத்தை நினைவுபடுத்திக்கொள்ளலாம். 2020 ஜூன் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த சில நாட்களில், சில மணி நேர இடைவெளியில், இருவரும் இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட் விசாரணைக்குப் போனபோது அவரையே மரியாதைக் குறைவாகப் பேசினார்கள். தடயங்கள் அழிந்துவிடாமலிருக்க, அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் பொறுப்பில் விடும்படி நீதிமன்றம் யோசனை சொன்னது. போலீஸ் ஸ்டேஷனுக்குள் வருவாய்த் துறைக்காரர்கள் போய் உட்கார்ந்தார்கள். ஜூன் 19 இரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் பார்த்ததைச் சொன்னார். அதனால்தான் உண்மை வெளியே வந்தது. சொல்லும்போது அவர் பயந்திருந்தார் என்பதையும் மாஜிஸ்திரேட் பதிவு செய்தார்.

கேமரா சொல்லவில்லை. நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. பதிவு வட்டின் கொள்ளளவு ஒரு டெராபைட், நிறைய இடம் மிச்சம். ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் இரவுப் பார்வையும் கொண்ட கேமராக்கள் பொருத்த வேண்டும், பதிவுகள் பதினெட்டு மாதம் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில், அந்தக் கேமராக்கள் வேலை செய்யவில்லை என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, அதே நீதிமன்றம் தானாக முன்வந்து மறுபடியும் வழக்கை எடுத்தது. மீரட்டில் பறிமுதல் அறையின் சாவி எந்தத் துறையிடம் இருந்ததோ, பதிவு வட்டின் சாவியும் இன்னும் அதே துறையிடம்தான் இருக்கிறது.